ஸ்க்ரூ இருக்கிற மவுஸ்

கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, கும்பாபிஷேக நோட்டீஸ், தேர்தல் வந்தால் துண்டறிக்கை, சாவு விழுந்தால் கண்ணீர் அஞ்சலி. தர்மபுரியில் டிசைன் வேலை பார்க்கிற எங்களுக்கு வருடம் இப்படித்தான் சுற்றி வரும். தையிலும் ஆவணியிலும் சாப்பிட நேரம் இருக்காது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்றாலும் மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பத்திரிகை கேட்பார்கள். அந்த எழுத்துருக்களை ஒவ்வொரு வரியாகப் பார்த்து நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். இவ்வளவும் என் வலது உள்ளங்கைக்குள் இருக்கிற மவுஸ் வழியாகத்தான் காகிதத்துக்குப் போகின்றன.

புதிதாக டிசைன் சென்டர் வைக்கிற பிள்ளைகள் யோசனை கேட்டு வருவார்கள். ராம் எவ்வளவு போடலாம், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமா, மானிட்டர் எத்தனை இன்ச் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். மவுஸைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கடைக்காரர் சும்மா தருகிற ஒன்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. காலை கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்குகிற வரைக்கும் கையை விட்டுப் பிரியாத கருவி அது ஒன்றுதானே.

பல வருடமாகச் சார்ஜ் போடுகிற ஒயர்லெஸ் மவுஸோடுதான் என் வேலை. அதனால் இதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. அந்த மவுஸ் எத்தனை காலம் உழைக்கும் என்பது உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியின் கையில்தான் இருக்கிறது. அந்த பேட்டரியை நாம் எப்படி வைத்துக்கொள்கிறோம், அது சோர்ந்துபோனால் மாற்றுவதற்கு வழி விட்டு வைத்திருக்கிறார்களா, இந்த இரண்டையும் பார்க்காமல் யாரும் இதை வாங்கக் கூடாது.

ஒயர் இருந்த காலத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒயர் மவுஸுக்குச் சார்ஜும் வேண்டாம், சிக்னல் தொல்லையும் கிடையாது. ஆனால் என் மேஜை ஒரு டிசைனர் மேஜை. சாம்பிள் பத்திரிகைக் கட்டுகள், புரூஃப் தாள்கள், ஸ்கேல், கட்டர், வாடிக்கையாளர் கொண்டு வந்து வைத்த பழைய ஃபோட்டோ, டீ கிளாஸ் எல்லாம் அதன் மேல்தான் கிடக்கும். ஒயர் இவற்றில் ஏதாவது ஒன்றில் மாட்டி மாட்டி இழுக்கும். ஒரு மணிக்கட்டு நாள் முழுக்க அந்தச் சின்ன இழுப்பை எதிர்த்துக்கொண்டே இருந்தால் சாயங்காலம் வலி தோள்பட்டை வரைக்கும் ஏறிவிடும். ஒயரை விட்டதற்கு எனக்கு அந்த வலி ஒன்றே போதுமான காரணம்.

முதலில் வாங்கியது பென்டார்ச் செல் போடுகிற மவுஸ். கடிகாரத்துக்குப் போடுவோமே, அதே ஏஏ செல். இந்த வகையை நான் மதிக்கிறேன். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், வீட்டில் எப்போதாவது கம்ப்யூட்டரைத் திறக்கிறவர்கள் கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஒரு செல் போட்டால் பல மாதம் ஓடும். தீர்ந்தால் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அதற்கும் இரண்டு குறை உண்டு. ஒன்று எடை. ஒரு ஆல்கலைன் ஏஏ செல் 23 கிராம் அளவுக்கு இருக்கும். சார்ஜ் மவுஸுக்குள் இருக்கிற 500 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) லித்தியம் பேட்டரி அதில் பாதி எடைகூட வராது. ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது, நாள் முழுக்க நகர்த்துகிற கைக்குத் தெரியும். இன்னொன்று, தீர்ந்துபோன செல்லை உள்ளேயே விட்டுவைத்தால் அது கசிந்து ஸ்ப்ரிங்கைத் தின்றுவிடும். வெள்ளையாகப் பொரிந்துபோன ஸ்ப்ரிங்கோடு எத்தனையோ பேர் மவுஸையும் ரிமோட்டையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 500 எம்ஏஎச், 3.7 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது 1.85 வாட் அவர். ஒரு யூனிட் என்பது 1000 வாட் அவர். சார்ஜ் ஏறும்போது வீணாகிறதைக் கழித்தாலும், ஒரு யூனிட் கரண்டில் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் போடலாம்.

இந்தக் கருவி இங்கே வந்து சேர்ந்த பாதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தம் இருக்கிறது. டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் யோசனை. அவருடன் வேலை பார்த்த பில் இங்கிலிஷ் 1964-ல் மரக்கட்டைக்குள் இரண்டு சக்கரம் வைத்து அதைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதை எல்லோருக்கும் காட்டினார். அப்புறம் 1991. லாஜிடெக் ரேடியோ அலையில் ஓடுகிற, ஒயர் இல்லாத மவுஸை அந்த வருடம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சோனி லித்தியம் அயன் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே வருடம்தான். ஒரே வருடத்தில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றுசேர இன்னும் பல வருடம் ஆனது. அந்த பேட்டரிக்கு வேர் போட்ட ஜான் குட்எனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்எனஃபுக்கு 97 வயது. அந்தச் செய்தியைப் படித்த அன்று, இவர் செய்த பொருள் என் உள்ளங்கைக்குக் கீழே இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

இனி வேலைக்கு வருகிறேன். சார்ஜ் மவுஸ் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது சார்ஜ் குத்துகிற ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை. இது சின்ன விஷயமாகத் தோன்றும். எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு ராத்திரி கடை சாத்துகிற நேரத்துக்கு பென்னாகரம் பக்கத்து ஊரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். “அக்கா, அப்பா போயிட்டாருக்கா. காலைல பத்து மணிக்கு எடுக்கறோம். விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டியாவணும்.” கையில் ஒரே ஒரு ஃபோட்டோதான் இருந்தது. யார் வீட்டுக் கல்யாணத்திலோ எடுத்தது. பதினைந்து பேருக்கு நடுவில் அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நிற்கிறவரின் கை அவர் தோள்மேல் கிடக்கிறது. அவரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். கையை அழிக்க வேண்டும், அழித்த இடத்தில் சட்டையை வரைய வேண்டும். நரைமுடி ஓரத்தை அவசரப்பட்டு வெட்டினால் முகமே மாறிப்போய்விடும். அப்புறம் வீட்டுக்காரர்கள் அந்த போஸ்டரைப் பார்க்கிறபோதெல்லாம் அது அவர்கள் அப்பாவாக இருக்காது. ஃபோட்டோஷாப்பில் பென் டூலை எடுத்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போகிற அந்த வேலையின் நடுவில் மவுஸில் சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

ஒயரை எடுத்து மவுஸின் முன்பக்கத்தில் குத்தினேன், வேலையைத் தொடர்ந்தேன். அவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அது ஒயர் மவுஸ் மாதிரி ஓடியது, கூடவே சார்ஜும் ஏறியது. அவர்கள் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். முகம் திரையில் தனியாக வந்ததும் பெரியவர் எழுந்து வந்து பார்த்தார். “அப்பாதான்க்கா” என்றார்.

சார்ஜ் ஓட்டையை மவுஸின் அடிவயிற்றில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த மேஜிக் மவுஸ் 2 அப்படிப்பட்டது. குப்புறக் கவிழ்த்துத்தான் சார்ஜ் போட வேண்டும், ஏறுகிற வரைக்கும் தொட முடியாது. 2024-ல் ஓட்டையை டைப் சி ஆக மாற்றினார்கள், இடத்தை மட்டும் மாற்றவில்லை. பார்க்க அழகாக இருக்கலாம், கொஞ்ச நேரம் போட்டாலே பல மணி நேரம் ஓடும் என்பதும் உண்மைதான். ஆனால் எதிரே பெஞ்சில் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பொறுங்கள் என்று சொல்கிற வேலை என்னுடையது இல்லை. அதனால் எனக்கு அது ஒத்துவராது.

ஒயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைந்த சில டைப் சி மவுஸ்களை வாங்கிய ஆட்கள், “அக்கா, இது புதுசுலயே சார்ஜ் ஏற மாட்டேங்குது” என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இரண்டு முனையும் டைப் சி ஆக இருக்கிற ஒயரில் போட்டிருப்பார்கள். அந்த வகை ஒயரில் கரண்ட் வர வேண்டுமானால், எதிர்முனையில் ஒரு கருவி இருக்கிறது என்று சார்ஜருக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்கிற வேலை மவுஸுக்குள் வைக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்கிற சின்ன பாகத்துடையது. காசு மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால் சார்ஜர் கரண்டே தராது. அதே மவுஸைப் பழைய அகல யுஎஸ்பி முனை இருக்கிற ஒயரில், கம்ப்யூட்டரிலேயே குத்தினால் ஏறிவிடும். பெட்டியோடு கொடுத்த குட்டை ஒயரை அதனால்தான் தூக்கிப் போடக் கூடாது.

சூடுதான் எங்கள் ஊரின் பெரிய பிரச்சினை. சித்திரை, வைகாசியில் தர்மபுரி வெயில் 38, 39 என்று நிற்கும், சில நாள் அதையும் தாண்டும். எங்களைப் போன்ற கடைகளில் பாதிக்கு மேல் சிமெண்ட் ஷீட் கூரைதான். உள்ளே ஃப்ளெக்ஸ் மெஷின் ஓடினால் அந்தச் சூடும் சேரும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேஜையைத் தொட்டாலே சுடும். மவுஸ் அங்கேதான் கிடக்கிறது, உள்ளங்கைச் சூடும் அதன் மேல்தான் இருக்கிறது.

லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 0 முதல் 45 டிகிரிக்குள் சார்ஜ் போடச் சொல்வார்கள். 45 வரைக்கும் போகலாம் என்பதால் 44-ல் அது சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை எனக்குத் தெளிவாகச் சொன்னது எங்கள் தெருத் தம்பி ஒருவன். ஓசூர்ப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் ஆலையில் வேலை பார்க்கிறான். ஓசூர், போச்சம்பள்ளி என்று கிருஷ்ணகிரி மாவட்டம் முழுக்க இப்போது பேட்டரி வண்டிப் பேச்சுதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தினமும் பஸ் ஏறிப் போய் வருகிறார்கள், வீட்டுத் திண்ணையில் வோல்ட்டும் ஆம்பியரும் பேசுகிறார்கள். ஊருக்கு வந்திருந்தபோது கடைக்கு வந்தான். மவுஸ் எப்போதும் ஒயரிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அக்கா, பேட்டரிய பட்டினியும் போடக் கூடாது, மூக்கு முட்டத் தின்ன வச்சுட்டே இருக்கவும் கூடாது. ரெண்டுலயும் கெட்டுப்போவும்.”

அவன் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற காரணம் இது. செல் முழுசாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கிற திரவம் நிம்மதியாக இருப்பதில்லை. மெதுவாக ரசாயன மாற்றம் நடந்துகொண்டே இருக்கும். செல்லுக்குள் மைனஸ் பக்கமாக இருக்கிற கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் தடித்துக்கொண்டு போகும். அந்தப் படலத்தில் மாட்டிக்கொண்ட லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சூடு இந்த மாற்றத்தை வேகப்படுத்தும். ஆக, முழுசாக நிரம்பிய பேட்டரி சுடுகிற இடத்தில் நாள்கணக்கில் கிடப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. எங்கள் ஊர் கோடையில், எப்போதும் ஒயரிலேயே கிடக்கிற மவுஸுக்கு நடப்பது அதுதான். சார்ஜ் நிரம்பியதும் உள்ளே இருக்கிற சர்க்யூட் கரண்டை நிறுத்திவிடும் என்பது சரிதான். அதனால் வெடித்துவிடாது. ஆனால் 100 சதவீதத்திலேயே உட்கார்ந்திருப்பதை அது தடுப்பதில்லை.

அதனால் என் கடையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்து, வாசல் தெளித்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி வைக்கிற அந்தக் குளிர்ந்த நேரத்தில், தேவையிருந்தால் மவுஸைச் சார்ஜ் போடுகிறேன். முக்கால் வாசி ஏறினால் எடுத்துவிடுவேன். மத்தியானம் போடுவதில்லை, ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் விடுவதில்லை. நிறைய பேர் பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சை வைத்துக்கொண்டு, முழுசாகத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பார்கள். லித்தியத்துக்கு அது பொருந்தாது. பாதியில் போட்டு பாதியில் எடுப்பதைத்தான் அது விரும்புகிறது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிற்கிற நாளில்கூட மவுஸுக்குத் தொந்தரவு வராது. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருந்தால் போதும்.

பட்டினி விஷயத்துக்கு ஒரு உதாரணம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, கோடை விடுமுறைக்கு முன் சார்ஜ் தீர்ந்த மவுஸை அப்படியே பையில் வைத்துவிட்டார். பள்ளி திறந்ததும் எடுத்தால் எவ்வளவு நேரம் குத்திவைத்தாலும் உயிர் வரவில்லை. லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கூட இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட்டும் துளி கரண்ட் எடுக்கும். ஒரு அளவுக்குக் கீழே வோல்ட் போய்விட்டால், இனி இதற்குச் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து என்று சர்க்யூட் கதவைச் சாத்திவிடும். அதிக நாள் எடுக்காமல் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில், கீழே இருக்கிற சுவிட்சை ஆஃப் செய்து, பீரோ மாதிரி சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். எல்லா அக்கவுண்டன்ட்களுக்கும், எல்லா டீச்சர்களுக்கும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சிக்னல் பற்றி. டாங்கிள் என்கிற சின்ன ரிசீவரோடு வருகிற மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. புளூடூத்தும் அதே பட்டையில்தான், வைஃபையில் பாதியும் அங்கேதான். கடையில் இவ்வளவு இருந்தும் பெரும்பாலும் சண்டை வராது. சண்டை மூட்டுவது வேறொன்று. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பென்டிரைவோடு வருவார்கள், ஃபோட்டோக்காரர்கள் ஹார்ட் டிஸ்கோடு வருவார்கள். நீல நிற யுஎஸ்பி 3.0 ஓட்டையில் அதை மாட்டி, நூற்றுக்கணக்கான கல்யாண ஃபோட்டோவைக் காப்பி போட்டுவிட்டால், பக்கத்து ஓட்டையில் டாங்கிள் இருக்கிற மவுஸின் கர்சர் திக்கித் திக்கிப் போகும். பேட்டரி போய்விட்டது, மவுஸ் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். யுஎஸ்பி 3.0 வேகமாகத் தகவல் அனுப்பும்போது அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து வெளியிட்டது. தீர்வு எளிது. டாங்கிளை ஒரு குட்டை எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டி, மேஜைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். டேபிள் அடியில், இரும்பு கேபினட்டின் பின்பக்கத்தில் அதை மாட்டிவைப்பதுதான் பாதிப் பேருடைய தொல்லைக்குக் காரணம்.

மவுஸ் ஓடுகிற தரையையும் பார்க்க வேண்டும். சென்சார் என்பது கீழே இருக்கிற பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தோம் என்று கண்டுபிடிக்கிற சின்ன கேமரா. எங்கள் பக்கம் வசதியானவர்கள் அலுவலக மேஜைக்குப் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட் போடுவார்கள், இந்த வட்டாரத்தில் வெட்டியெடுக்கிற கல்தானே. கண்ணாடி மாதிரி மின்னுகிற அந்தப் பரப்பில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, கர்சர் தாவும். மங்கலான துணி பேட் ஒன்று போட்டால் சரியாகிவிடும். நான் சன்போர்டு என்கிற ஃபோம் பலகையில் மேட் வினைல் ஒட்டி எனக்கு வேண்டிய அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.

இடது பட்டனின் சுவிட்சும் ஒரு நாள் தேயும். ஒரு கிளிக் செய்தால் இரண்டாக விழும். கோரல்டிரா என்கிற டிசைன் மென்பொருளில் ஒரு எழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைவிட்டுவிடும். உள்ளே இருக்கிற மைக்ரோ சுவிட்ச் தனியாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, மூன்று காலைச் சூடு வைத்து எடுத்துப் புதிது வைத்தால் மவுஸ் மறுபடி புதிதாகிவிடும்.

வைக்க முடிந்தால்தான். இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு எழுதினேன்.

பேட்டரி எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் சோர்ந்துபோகும். வாரக்கணக்கில் ஓடியது இரண்டு நாளைக்கு ஒரு தடவை கேட்கும், அப்புறம் அரை நாளுக்கு ஒரு தடவை. சிலது உப்பும். மேல்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு, கிளிக் செய்வது கடினமாகிவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். அழுத்துவதோ குத்திப் பார்ப்பதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். என் பழைய மவுஸ் அப்படிச் சோர்ந்தபோது செல்போன் சர்வீஸ் பார்க்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். அடியில் ஒட்டியிருக்கிற வழுக்குப் பட்டைகளைச் சூடு காட்டி மெதுவாக உரித்தான். கீழே நான்கு ஸ்க்ரூ. கழற்றித் திறந்தால் ஒரு வெள்ளிப் பை மாதிரி பேட்டரி, சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர், முனையில் பிடுங்கி மாட்டுகிற வெள்ளை கனெக்டர். பேட்டரி மேல் இருந்த ஆறு எண்ணைப் படித்தான். இந்த எண் ஒரு அளவுக் குறிப்பு. 602030 என்று இருந்தால் 6 மில்லிமீட்டர் கனம், 20 அகலம், 30 நீளம். அதே அளவில், அதே வோல்ட்டில், பாதுகாப்பு சர்க்யூட்டோடு ஒன்று தேடி வரவழைத்தான். மாட்டுவதற்கு முன்னால் மீட்டர் வைத்து ப்ளஸ், மைனஸ் சரிபார்த்தான். ஏனென்றால் கனெக்டர் ஒரே மாதிரி இருந்தாலும் ஒயர் மாறி வருவது உண்டு, மாறினால் போர்டு போய்விடும். அவன் வேலை செய்த அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மவுஸ் இன்றைக்கும் ஓடுகிறது.

இன்னொரு மவுஸ், வேறொரு நிறுவனத்துடையது, விலையில் அதைவிட அதிகம். அதைத் திறக்கவே முடியவில்லை. மூடியை உடம்போடு பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். பிளேடு வைத்து நெம்பினால் உடைந்தது. உள்ளே சென்சார் நன்றாக இருந்தது, சுவிட்ச் நன்றாக இருந்தது, ஸ்க்ரோல் வீல் நன்றாகச் சுற்றியது. சோர்ந்தது பேட்டரி ஒன்றுதான், போனது எல்லாமும். “இத செஞ்சவங்க தொறக்க வேணாம்னு முடிவு பண்ணித்தான்க்கா செஞ்சிருக்காங்க” என்றான் தம்பி. அவன் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அதில் கோபம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் போகிற கதவை எனக்கு எதிராக அடைத்துவிட்டார்கள். தையல் மெஷினை யாராவது பசை வைத்து ஒட்டி விற்றால் எங்கள் ஊரில் வாங்குவார்களா?

இதற்கு எதிராக உலகத்தில் ஏதோ நடக்கத் தொடங்கியிருக்கிறது என்பதே எனக்கு ஆறுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரிச் சட்டப்படி, 2027 பிப்ரவரி 18-லிருந்து அங்கே விற்கிற கையடக்கக் கருவிகளின் பேட்டரியை, சில விலக்குகள் தவிர, பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். மவுஸ், கீபோர்டு உட்பட பல கருவிகளுக்கு டைப் சி ஓட்டையை 2024 டிசம்பர் 28-லிருந்து கட்டாயமாக்கியதும் அவர்கள்தான். அந்த டைப் சி விதியும் சேர்ந்துதான் இன்று பழைய மைக்ரோ யுஎஸ்பி ஓட்டை மெல்ல மறைகிறது. அங்கே ஸ்க்ரூ வைத்துச் செய்கிறவர்கள் இந்தியாவுக்கு மட்டும் தனியாகப் பசை ஊற்ற மாட்டார்கள் என்று நம்புகிறேன். நம் நாட்டில் 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பை உற்பத்தியாளர்கள் மேல் வைக்கின்றன. நல்ல விதி. அது தர்மபுரி கடைவீதி வரைக்கும் வந்து சேர வேண்டும். பழைய செல்லைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், துப்புரவுப் பணியாளர்கள் கையில்தான் முதலில் அது வெடிக்கும். முனையில் டேப் ஒட்டி, தனியாக எடுத்து வைத்து, எலக்ட்ரானிக் கழிவை முறையாக எடுக்கிறவர்களிடம் கொடுக்க வேண்டும். என் கடையில் வாடிக்கையாளர்கள் கொண்டுவருகிற பழைய மவுஸ் பேட்டரிகளையும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

இப்போது யாராவது மவுஸ் வாங்கப் போகிறேன் என்றால் நான் சொல்வது இவ்வளவுதான்: டிபிஐ (கர்சர் எவ்வளவு நுணுக்கமாக நகரும் என்கிற அளவு) எவ்வளவு, எத்தனை பட்டன், எந்தக் கலர் விளக்கு என்பதைக் கடைசியில் பாருங்கள். முதலில் கையில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கை நிறைகிறதா என்று. கவிழ்த்துப் பாருங்கள், ஸ்க்ரூ தெரிகிறதா, அல்லது பட்டைக்குக் கீழே இருக்கிற மாதிரி அமைப்பா என்று. சார்ஜ் ஓட்டை முன்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாடலைத் திறந்து பேட்டரி மாற்றிக் காட்டுகிற வீடியோ ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிவிட்டுக் காசு கொடுங்கள்.

என் கடையில் வேலை கற்றுக்கொள்கிற பெண்ணுக்கு ஒன்று வாங்க வேண்டும். அவளுக்கு இடது கைப் பழக்கம். கைக்கு வாகாக வளைத்துச் செய்கிற மவுஸ்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்குத்தான். கட்டைவிரல் குழிவு அவளுக்குச் சுண்டுவிரல் பக்கம் வந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற, முன்பக்கம் சார்ஜ் போடுகிற, ஸ்க்ரூ வைத்த மவுஸ் ஒன்றை தர்மபுரிக் கடைகளில் தேடிப் பார்த்துவிட்டோம், கிடைக்கவில்லை. ஆவணி முகூர்த்த வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து வேறு நாளில், அவளையும் கூட்டிக்கொண்டு எலக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போகப்போகிறேன். அவள் கையில் வைத்துப் பார்த்து அவளே எடுக்கட்டும்.